ஏழாவது குட்டி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். சின்னதுதான், ஆனாலும் இன்றைக்கும் சொல்லுமுன் தலைகளை ஒருமுறை எண்ணிக்கொள்வேன்.

குழந்தைகள் காப்பகத்து அக்கா பிள்ளைகளை மறுபடியும் எண்ணினாள்.

ஆறு.

குளிப்பாட்டி, பவுடர் பூசிப் பாயில் உட்கார வைத்தபோது ஏழு. இப்போது கடைக்குட்டியைக் காணோம். வாசல் தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது.

பின்னறையில் போர்வை துவைக்க இயந்திரத்தை மூடிக்கொண்டிருந்த சமையற்காரம்மாவை அப்படியே தெருவுக்கு விரட்டினாள். கட்டிலடி, கதவிடுக்கு எல்லாம் தேடினாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது.

"கூப்பிட்டா வர மாட்டான்க்கா," என்றாள் பாயிலிருந்த ரெட்டைச் சடைக்காரி. "ஓநாயும் அம்மா மாதிரிதானே கூப்பிட்டுச்சு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

தினமும் அவள் வாசிக்கிற கதை. அம்மா ஆடு வெளியே போனதும் ஓநாய் குரலை மாற்றிக்கொண்டு, குட்டிகள் கையைக் காட்டச் சொல்லும் என்று கையில் வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு வரும். ஆறு குட்டிகளை விழுங்கிவிடும். கடிகாரப் பெட்டிக்குள் பதுங்கிய ஏழாவது குட்டி மட்டும், அம்மா வரும்வரை மூச்சு விடாது.

அப்படியானால் அம்மா வந்தாக வேண்டும்.

புத்தகத்தைப் பிரித்து, வீடெங்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். அவசரத்தில் இரண்டு வரி தாண்டினாள். மாவு விட்டுப்போச்சு என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். திரும்பவும் மாவிலிருந்து தொடங்கினாள். கண் புத்தகத்தில், காது தெருவில். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுத்து கலங்கியது.

ஒருவழியாக அம்மா ஆடு வந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டது. ஏழாவதைக் கூப்பிடும்போது அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

பின்னறையில், எதற்குள்ளிருந்தோ ஒரு குரல்.

"கையைக் காட்டு."

ஓடினாள். துவைக்கும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால், போர்வைகளுக்கு நடுவே இரண்டு கண்கள்.

கதவை இழுத்துத் திறந்து கையை நீட்டினாள். பவுடர் படிந்த வெள்ளைக் கை. கண்கள் போர்வைக்குள் மறைந்தன.

புடவையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். சின்ன விரல்கள் வந்து பற்றிக்கொண்டன.

தெருவிலிருந்து மூச்சிரைக்கத் திரும்பிய சமையற்காரம்மா, திறந்த இயந்திரத்தைப் பார்த்தாள். அழுத்தாமல் விட்டுப்போன பொத்தானைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் அந்தக் கடைக்குட்டி, நம்ம வீட்டுக் கடிகாரப் பெட்டி எங்கே என்று கேட்டிருந்தான். விளையாட்டாக அந்த வட்டக் கதவைக் காட்டியவள் அக்காதான். அதை அவள் இதுநாள்வரை யாரிடமும் சொன்னதில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எப்போது எண்ணினாலும் தலைக்கணக்கு நிறைவாக இருக்கட்டும்.