ஒருவனைத்தான் தூக்க முடியும்

லைக்கோனின் காலை எதிரிகள் பிடித்திருந்தார்கள். கவசத்தின் தோள்வாரை இடது கையால் பற்றி, அவன் அண்ணன் ஆர்க்கியாஸ் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். நடுவில் புழுதியில் கிடந்தது உடல்.

"விட்றா அவனை! விழுந்தவன் எங்க சொத்து" என்று கத்தினான் கோட்டைப் படையின் ஹிப்பான். லைக்கோனின் கணுக்காலில் ஒரு தோல்வாரை மாட்டி, முரண்டு பிடிக்கும் மாட்டை இழுப்பதுபோல் இழுத்தான். "கவசம் எனக்கு, மிச்சம் நாய்க்கு!"

"கிட்ட வாடா. உன் குடலை உருவி உன் கையிலயே குடுத்து அனுப்புறேன்" என்றான் ஆர்க்கியாஸ்.

உச்சிவெயிலில் ஆரம்பித்த சண்டை இது. எங்கிருந்தோ பறந்து வந்த கல் ஒன்று லைக்கோனின் தலைக்கவசத்தை உரசிக்கொண்டு போனது. அவன் விழுந்தான். உடனே இரண்டு படைகளும் அவன் மேல் பாய்ந்தன.

எங்கள் படையில் உயிரோடிருக்கும்போது தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆள் வராது, செத்தால் நூறு பேர் வருவார்கள். எரித்து மண் போடாதவனின் ஆவியைப் பாதாள ஆற்றின் படகுக்காரன் ஏற்ற மாட்டான், கரையிலேயே அலைய வேண்டியதுதான். "திரும்பினா ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பணும். உசுராவோ, சாம்பலாவோ" என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆர்க்கியாஸ் வீட்டு அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு வந்தவன்.

அதனால் அவன் விடவில்லை. முதலில் குனிந்தவனின் கழுத்தில் ஈட்டியை இறக்கினான். அடுத்தவன் ஈட்டியோடு மல்லுக்கட்ட, வாளை உருவி அவன் முழங்கையை வெட்டினான். அறுபட்ட கை லைக்கோனின் மார்பில் விழுந்து, விரல்கள் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு அடங்கின.

இந்தப் பக்கமும் ஆட்கள் சரிந்துகொண்டேயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பொலிதாஸ் ஓடி வந்தான். தங்கையின் கணவன். வசந்தத்தில் பிறந்த மகனின் முகத்தை இன்னும் பார்க்காதவன்.

"மச்சான், நீ இழு, நான் மறைக்கிறேன்" என்றான். ஒரு கை போட்டு இழுத்தும் பார்த்தான். "என்னா கனம் கனக்குறான்! கல்லைத் தின்னு வளர்ந்தானா?"

"அம்மா ஊட்டி வளர்த்த உடம்பு மாப்ள. வாயை மூடிட்டுக் குத்து."

லைக்கோனின் கேடயம் தரையில் மாட்டி மாட்டி இழுபட்டது. அதைக் கழற்றினால் பாரம் குறையும் என்று பொலிதாஸ் குனிந்து பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். ஒரு விரல்கூட அசையவில்லை.

"பாரு மச்சான்! செத்தும் கேடயத்தை விடலை. இவன்தான்யா வீரன்!"

ஆர்க்கியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கலில்தான் ஹிப்பானை அவன் கவனிக்கவில்லை. ஹிப்பானின் ஈட்டி பொலிதாஸின் விலாவில் நுழைந்து முதுகில் எட்டிப் பார்த்தது.

பொலிதாஸ் லைக்கோன் மேலேயே விழுந்தான். வாயிலிருந்து கொப்பளித்த ரத்தம் லைக்கோனின் முகத்தையும் கழுத்தையும் நனைத்தது. "பையனுக்கு..." என்று ஏதோ சொல்ல வந்தான், முடிக்கவில்லை.

ஆர்க்கியாஸ் வீறிட்டுக்கொண்டு பாய்ந்தான். அவன் வாள் ஹிப்பானின் தோளில் இறங்கி மார்பெலும்பில் போய் நின்றது. அதை உருவுவதற்குள் எவனோ வீசிய கோடரி அவன் இடது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது.

எதிரே புழுதி கிளம்பியது. கோட்டையிலிருந்து புதிய ஆட்கள் தேர்களில் வந்துகொண்டிருந்தார்கள். இங்கே இருப்பதோ இரண்டு உடல், ஒரே ஆள், ஏழு விரல்.

ஆர்க்கியாஸ் மண்டியிட்டுப் பொலிதாஸின் இமைகளை மூடினான். "மன்னிச்சிரு மாப்ள. ஒருத்தனைத்தான் தூக்க முடியும். அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல்கள் நிற்கும் கரையைப் பார்த்து ஓடினான். பின்னால் பொலிதாஸை அவர்கள் தேரில் கட்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது. மதிலோரத்தில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தம்பியைக் கீழே போட்டிருப்பான்.

மாலையில் கரையோரம் சிதை அடுக்கினார்கள். அந்த ஓர் உடலுக்காக எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர் போயிருந்தார்கள். "இதுதான்டா அண்ணன்" என்று தலைவனே வந்து ஆர்க்கியாஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

"தள்ளிப் போங்கப்பா. குளிப்பாட்டுறது ரத்த சொந்தத்தோட வேலை" என்றான் ஆர்க்கியாஸ். எல்லோரும் எண்ணெயும் விறகும் எடுத்து வரப் போனார்கள்.

அவன் தம்பியின் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தான். துணி சுற்றிய கையால் தண்ணீரை மெதுவாக ஊற்றினான். முகத்தில் காய்ந்திருந்த பொலிதாஸின் ரத்தம் கரைந்து மணலில் இறங்கியது.

"தங்கச்சி மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? மாப்ளையை நாய்க்குப் போட்டுட்டு உன்னைத் தூக்கிட்டு வந்துட்டேனேடா" என்று விம்மினான். காயம் பட்ட இடத்தில் எண்ணெய் தடவ வேண்டும். நெற்றியைத் தடவினான், கழுத்தைத் தடவினான், எங்கேயும் காயத்தைக் காணவில்லை.

லைக்கோன் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தான்.

"எல்லாரும் போயிட்டாங்களாண்ணே?"