கட்டுரையைத் திருத்தியவர்

“யாரோ எழுதுனதை நம்பி, கல்யாணப் படத்தையெல்லாம் ஒரே இடத்துல வைப்பியா?” என்று லீவில் வந்திருந்த ஜியாவுதீன் தங்கையிடம் எரிந்து விழுந்தான்.

காரைக்குடியில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் சுஹானா கண்களைத் துடைத்துக்கொண்டாள். ‘நீலமேகம்’ என்ற கம்பெனியின் கிளவுட் சேமிப்பகத்தில் அவள் ஏற்றி வைத்திருந்த நாற்பது நிக்காஹ்களின் படங்களும் அழிந்துவிட்டன. கம்பெனி வருத்தம் தெரிவித்து ஒரு மெயில் அனுப்பியதோடு சரி.

“பர்வீன் பானுவோட அத்தா போன மாசம் மௌத்தாயிட்டாக. அவுக சிரிச்ச படம் அவ கல்யாணத்துல நான் எடுத்தது ஒண்ணுதாண்ணே.”

“விளம்பரத்தைப் பாத்து ஏமாந்தியாக்கும்?”

“விளம்பரத்தை யாரு நம்புவா? இணையக் கலைக்களஞ்சியத்துல, ‘இதுவரை ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை’ன்னு போட்டிருந்துச்சு.”

“அதுல... யாரு வேணும்னாலும் எழுதலாமே.” அவன் குரல் இறங்கிவிட்டது.

“தெரியும்ணே. அதான் எழுதுனது யாருன்னு கட்டுரையோட திருத்த வரலாற்றுப் பக்கத்துல தேடுனேன். ஒருத்தரு கட்டுரையை மேம்படுத்துறேன்னு அந்த வரியைச் சேத்திருக்காக. அவுக பேரைப் பாத்ததும் நம்பிட்டேன்.”

“என்ன பேரு?”

“‘சுஹானா அண்ணன்’. தங்கச்சி பேரைப் போட்டுக்கிட்டு யாராச்சும் பொய் எழுதுவாகளா?”

ஜியாவுதீன் தலை நிமிரவில்லை. நீலமேகம் கம்பெனி ஆள் என்று தெரியாதபடி ஏதாவது ஒரு பேரில் எழுதச் சொல்லி, சென்னை ஆபீஸில் மேலாளர் அவசரப்படுத்தியபோது, அவனுக்குச் சட்டென்று தோன்றியது அந்த ஒரு பேர்தான்.