முதல் ஷாட்

இடது கைக்காரி வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

இடைத்தேர்வு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேற்பார்வைக்கு நின்ற ஆங்கிலப் பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஐம்பதை நெருங்கும்போது பேராசிரியை ஆனவர் அவர். அதற்கு முன்பு விளம்பரங்களுக்கு வாசகம் எழுதினார். நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோன வசனங்களை எடுத்துக்கொடுத்தார். அப்புறம் பதினாறு வருடம் சினிமாவில் கன்டினியுட்டி.

ஒரு ஷாட்டில் கதாநாயகன் எந்தக் கையில் டம்ளர் பிடித்திருந்தான், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தான் என்று குறித்துவைத்து, அடுத்த ஷாட்டிலும் அதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பார்த்த கண் மட்டும் சும்மா இருந்துவிடுமா?

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும். வகுப்பிலேயே காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள். மற்ற நாற்பது பேரும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் இடது கையைத் தூக்கி ஏதாவது கேட்பாள். கேட்டால் லேசில் விடமாட்டாள். இவளுக்குப் பயந்தே பேராசிரியை முந்தின நாள் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்துவிட்டு வருவார். அதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அவள் இன்று முதல் கேள்வியிலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா நடக்கிற மாதிரி பேராசிரியை பக்கத்தில் போனார். முகம் அதே முகம்தான். ஆனால் புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பு. நேற்று வகுப்பில் அது இல்லை. ஒரே நாளில் வந்து, ஒரே நாளில் ஆறிப்போகிற காயம் உலகத்தில் கிடையாது.

ஆள் மாறாட்டம். சந்தேகமே இல்லை.

பிடித்துக் கொடுத்தால் அந்தப் பெண்ணின் படிப்பு இன்றோடு சரி. விட்டுவிட்டால், இன்னும் நிரந்தரமாகாத தன் வேலைக்கே உலை. ஆனால் அவர் மனதைக் குடைந்தது இது எதுவும் இல்லை. அத்தனை அருமையாகப் படிக்கிறவள், ஒன்றும் தெரியாத ஒருத்தியை எதற்காகப் பரீட்சைக்கு அனுப்பவேண்டும்?

அடையாள அட்டையைக் கேட்டார். அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள்.

படத்திலும் தழும்பு இருந்தது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்த படம். முத்திரை, தேதி, எல்லாம் சரியாக இருந்தன.

சினிமாவில் முதலில் எடுத்த ஷாட்தான் வேதவாக்கு. பின்னால் வருகிறதுதான் அதோடு ஒத்துப்போகவேண்டும். அந்தப் பழக்க தோஷத்தில், முதலில் பார்த்தவளையே அசல் என்று நம்பியிருக்கிறார். அசல் இவள். அப்படியானால் இரண்டு மாதமாக வகுப்பில் உட்கார்ந்து தன்னைக் குடைந்தெடுத்தவள் யார்?

அவர் வாய் திறக்கும் முன்பே அந்தப் பெண் கிசுகிசுத்தாள்.

"என் தங்கச்சி மேடம், நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. எனக்குப் பகல்ல வேலை, அவளுக்கு இங்க சீட் கிடைக்கல. அட்டென்டன்ஸுக்காகத்தான் அனுப்பினேன். இப்ப தினமும் சாயங்காலம் உங்க பாடத்த அவ எனக்கு நடத்துறா, நான்தான் தூங்கிடுறேன்."

இந்த மாதிரி நேரத்தில் யாரிடம் போய் என்ன சொல்லவேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. முதல் வாரமே அதை அவர் வரி வரியாகப் படித்தவர்.

விடைத்தாளில் கையெழுத்துப் போட்டார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி குனிந்தார்.

"நாளைக்கு வகுப்புக்கு வரும்போது, முடிய நெத்தியில கொஞ்சம் இறக்கிவிட்டுக்கச் சொல்லும்மா அவள. மத்தவங்களுக்கும் கண்ணு இருக்கு."