அசையாத முதல் வரி

வேலைக்குத் தேர்வெழுதியவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் காற்புள்ளியால் பிரிந்து கிடந்த கணினிக் கோப்பை, கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையால் வரிசைப்படுத்தினாள் ஆபரேட்டர். அதிக மதிப்பெண் மேலே ஏறி நின்றது.

மேலாளர் குனிந்து பார்த்தார். "முதல்ல இருக்கிறவளைக் கீழே தள்ளும்மா. ரெண்டாவது என் மச்சினன்."

"முடியாது சார். மார்க்படிதான் வரிசை."

"உன் வேலை போயிடும்!"

"போகட்டும்." என்டரைத் தட்டினாள். பட்டியல் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"அவளுக்காக இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கிறியே, உனக்கு என்ன சொந்தமா?"

"என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டு இப்ப அவகூடத்தான் இருக்கார் சார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "ஆனா, மார்க் அவ சொந்தமா வாங்கினது."