ஒச்சு மூடாத இலை

சுமை தூக்குவோர் சங்கத்துக்குப் புதுத் தலைவர் யார் என்று பந்தி முடிந்ததும் ஒச்சு சொல்ல வேண்டும். மூத்தவர் கை காட்டுகிறவன்தான் தலைவன். எல்லோரும் சேவுகனைச் சொன்னார்கள், கோபமே வராதவனாம். கோபம் வராதவன் எவனையும் ஒச்சு நம்பியதில்லை. பக்கத்து இலையில் இருந்த அவனைச் சோதிப்பதற்காகவே மறுபடியும் மறுபடியும் ரசம் கேட்டார். அவர் இலையை மூடாமல் வரிசையில் ஒருவரும் எழுந்திருக்க முடியாது.

“பெருசு இலையையும் தின்னுட்டுத்தான் எந்திரிக்கும் போல” என்றான் ஒருவன். பந்தியே சிரித்தது.

“பெரியப்பா மெதுவா சாப்பிடட்டும்” என்றான் சேவுகன். அவன் கையில் மோர்ச்சோறு காய்ந்து போயிருந்தது. ஈ மொய்த்தும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அடுத்த பந்திக்காக முதுகுக்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும் பசியோடு நின்றார்கள். அந்தப் பக்கம் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“யோவ், புள்ளைக பசியில நிக்குதுக. நீ பாட்டுக்கு உறிஞ்சிக்கிட்டு இருக்க” என்று கத்தினான் அவர்களோடு நின்ற சங்கத்து ஆள் முத்திருளன்.

ஒச்சுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவன்தான் ஆள் என்று இலையை மூடினார். வரிசை எழுந்தது. அவர் தரையில் கையூன்றி எழுவதற்குள், ஒரு பிள்ளையை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முத்திருளன் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டான்.

கை கழுவப் போன ஒச்சுவுக்குச் சேவுகன் ஓடிவந்து குழாயைத் திறந்துவிட்டான். பின்னால் சங்கமே வந்து நின்றது.

“யாருன்னு சொல்லுங்க பெரியப்பா.”

கை சுத்தமான பிறகும் ஒச்சு கழுவிக்கொண்டே இருந்தார்.