நாலு கண்ணாடியும் ஏற்றிய பிறகு

காரின் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, அடுக்களை ஜன்னலில் மனைவி திலகவதியின் தலை தெரிகிறதா என்று தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். தெரியவில்லை. அதற்குள் பக்கத்து குவார்ட்டர்ஸ் அறிவழகன், மடித்துக் கட்டிய லுங்கிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினான்.

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேண்ணே. அண்ணி கேட்டா நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"கதவ சாத்து மொதல்ல. முந்திரி வறுக்குற வாசன இங்க வருது பாரு, நம்ம சத்தம் அங்க போவாதா?"

அறிவழகன் பேப்பரைப் பிரித்தான். உள்ளே இருந்தது பாட்டில் இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் குமிழும், அதிலிருந்து தொங்கும் ஒரு ஒயரும்.

காருக்கு இருபது வயசு. அதிலிருந்த ஸ்டீரியோவில் ரேடியோ உண்டு, கேசட் போடும் வாய் உண்டு, ஒயர் செருக ஒரு ஓட்டை கிடையாது. தெய்வசிகாமணியின் சட்டைப்பையிலோ, மகள் நந்தினி கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன சின்ன எம்.பி.3 பிளேயர் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு பாட்டு. பாடியவர் தெய்வசிகாமணி.

மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸில், செகண்ட் ஷிஃப்டில், பம்ப்பின் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு அவர் பாடிப் பதிவு செய்தது அது. அங்கே அவர் பேசியே யாரும் கேட்டதில்லை. பேசாமல் இருப்பது அவருக்குச் சிரமமாக இருந்ததும் இல்லை. பாடாமல் இருப்பதுதான் சிரமமாக இருந்தது.

மே மாதம் ரிட்டையர்மென்ட். பிளாக் பொங்கல் விழாப் பாட்டுப் போட்டியில் பாட இதுதான் கடைசி வாய்ப்பு. பெயர் கொடுக்க இன்று சாயங்காலத்தோடு சரி. பெயர் எழுதும் கமிட்டியில் இருப்பவள் திலகவதி. போன வாரம் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் காதில் நின்றது.

"நீங்க ரிட்டையர் ஆனா நாம மட்டும்தாங்க குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். நீங்க பாடுனா மொத்த பிளாக்கும் காலி பண்ணிக்கினு போயிடும்."

அதனால்தான் இந்த ஏற்பாடு. மேடையில் ஒலிப்பது மாதிரி நாலு பக்கமும் தன் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். நன்றாக இருந்தால் அவளிடம் போய்ச் சண்டை போட்டாவது பெயர் கொடுப்பது. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வது.

"இத சிகரெட் பத்த வெக்கிற ஓட்டையில சொருகுங்க. ஒயர பிளேயர்ல மாட்டுங்க. அவ்ளோதான், இது ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். வண்டி ரேடியோ புடிச்சிக்கும்" என்றான் அறிவழகன். "எந்த ஸ்டேஷனும் வராத எடமா பாத்து வெக்கணும். அதான் விஷயம்."

தெய்வசிகாமணி ரேடியோவைத் திருகினார். எங்கே போனாலும் பாட்டு, நகை விளம்பரம், சிரிப்பு. ஓரிடத்தில் மட்டும் இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு பெண் குரல், 'பொன்னிறமா வந்ததும் முந்திரியத் தனியா எடுத்து வெச்சிட்டு...' என்றது.

"இது போதும்ணே. தொலவுல இருந்து வருது, நம்ம ஆளு அமுக்கிடுவாரு" என்று குமிழில் அதே எண்ணை வைத்துக் கொடுத்தான் அறிவழகன். "அப்படி என்னண்ணே பாட்டு, இவ்ளோ ரகசியமா?"

"நீ போய் வேலயப் பாரு."

அவன் போனதும் கண்ணாடிகளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு, தெய்வசிகாமணி பிளேயரை அமுக்கினார்.

பெண் குரல் அறுந்தது. பம்ப் ரீங்கரித்தது. அதற்கு மேல் அவர் குரல் எழுந்து முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் அவரையே சூழ்ந்துகொண்டது. ஜனவரியிலும் உள்ளே வியர்த்துக் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. சரணத்தில் அந்த இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. முடிந்ததும் மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷ மௌனத்துக்கு ஒரு அர்த்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனார். அடுக்களையில் திலகவதி வறுத்த ரவையைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"திலகா, அந்தப் பாட்டுப் போட்டிக்கு..."

"உங்க பேர குடுத்துட்டேன். இப்பதான் போன் பண்ணேன்."

"ஏன்?" என்றார் தெய்வசிகாமணி.

"ரேடியோவுல ரவா லாடு சொல்லிக்கினு இருந்தாங்க. ரவைக்குச் சக்கர எவ்ளோன்னு சொல்ல வர்றப்ப, எவனோ ஒருத்தன் நடுவுல பூந்து பாட ஆரம்பிச்சிட்டான். பின்னாடி மியூசிக்கு கூட இல்ல, தண்ணி மோட்டார் ஓடுற மாதிரி ஒரு சத்தம். ஒரு தடவையா? அதே பாட்ட மூணு தடவ!"

கரண்டியைப் போட்டுவிட்டுப் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள் திலகவதி. அந்தப் பார்வையில் இத்தனை வருஷத்தில் இல்லாத ஒரு இரக்கம் இருந்தது.

"அவனயே ரேடியோவுல பாட வுடுறாங்கன்னா, நீங்க தாராளமா மேடையில பாடலாங்க!"