விடுபட்ட மூலைவீடு

"என் வீடு என்ன பாவம் பண்ணிச்சு தம்பி? தெரு முழுக்க வரைஞ்சுட்டு, என் வீட்டை மட்டும் தாண்டிப் போறீங்களே!"

மூலைவீட்டு அம்மாள் வழியை மறித்து நின்றாள். வரைவாளர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பழைய நகரத்தின் வீடுகளைத் தூண், வளைவு, உத்தரம் எதையும் விடாமல் அளந்து வரைவதற்கு நகரத் திட்ட அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது.

"உங்க வீடு அவ்வளவு பழசு இல்லக்கா."

"எதிர்வீட்டுக்கு இது மூத்தது. அந்த மொட்டைச் சுவத்தைப் போய் வரைஞ்சீங்க, அவளுக்கு இப்பத் தலைகால் புரியல. எங்க பால்கனியைப் பாருங்க. முழுக்கத் தேக்கு. ஒவ்வொரு கிளிக்கும் ஒவ்வொரு மூக்கு!"

அவர் நிமிர்ந்தார். மரக்கிளிகளுக்குப் பின்னால், கட்டிலில் அவள் கணவர் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தப் பால்கனிதான் அவருக்கு உலகம். தெருவில் யார் போனாலும் நல்ல கையைத் தூக்கிக் காட்டுவார். இப்போதும் தூக்கினார்.

வரைவாளர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். "பால்கனி கொஞ்சம் கோணலா இருக்கு. படத்துல எடுபடாதுக்கா."

"கோணலா?" அவள் முகம் சுண்டிப்போனது. "எங்க வீட்டுக்காரரோட தாத்தா தன் கையால செதுக்கினது தம்பி. இது அவர் காதுல விழுந்தா உயிரே போயிடும். சரி, போங்க. கேக்க வேண்டிய இடத்துல கேட்டுக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். மறுநாள் தலைமைப் பொறியாளர் வரைவாளரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"மூலைவீடு எப்படிய்யா விட்டுப்போச்சு? அந்தம்மா இங்க வந்து சண்டை போட்ட பிறகுதான் எனக்கே தெரியுது! இன்னைக்கே முடிச்சுக் கொடு."

அவர் போய் வரைய உட்கார்ந்தார். அம்மாளுக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. நாற்காலி போட்டாள், வெயிலுக்குக் குடை பிடித்தாள்.

"அவரையும் சேர்த்துப் போட்டுடுங்க தம்பி."

அலுவலகப் படத்தில் ஆட்களைப் போடும் வழக்கமில்லை. ஆனாலும் போட்டார், தூக்கிய கையோடு. அழுத்திப் பிடித்ததில் பென்சில் முனை முறிந்தது.

"என்ன தம்பி, கண்ணு கலங்கியிருக்கு?"

"தூசிக்கா."

படத்தை மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சிரிச்சார். நீங்க நல்லா இருக்கணும்."

வரைவாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

மாலையில் தலைமைப் பொறியாளர் அதை விரித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"தெருவுல யார்கிட்டயும் மூச்சு விடலையே?"

"இல்ல சார்."

"நல்லவேளை, அந்தம்மாவே வந்து கேட்டாங்க. வரைபடம் இல்லாத பழைய வீட்டுல சட்டப்படி ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. இனி ஒரு தடையும் இல்ல. புது ரோட்டுக்கு அந்த மூலையிலேருந்தே இடிக்க ஆரம்பிச்சுடலாம்."